வளைகோட்டை எந்த அளவுக்கு நம்பலாம்?

பல மாதம் பணம் சேர்த்து ஒரு ஹெட்ஃபோன் வாங்கினேன். வாங்கும் முன் அதன் அளவீட்டு வரைபடத்தை எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. பேஸ் பக்கம் கோடு 20 ஹெர்ட்ஸ் வரை சாயாமல் போனது. அதைக் கண்டுதான் மயங்கினேன். வீட்டுக்கு வந்து மாட்டிக் கேட்டால், மிருதங்கத்தின் தொப்பிப் பக்கம் அட்டைப்பெட்டியைத் தட்டுவதுபோல் இருந்தது. இரண்டு நாள் தயாரித்தவரையும் அளந்தவரையும் மனதுக்குள் திட்டித் தீர்த்தேன். மூன்றாம் நாள் இரவு, படுக்கப்போகும் நேரம், மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சும்மா ஒருமுறை மாட்டினேன். தொப்பி ‘கும்’ என்று இறங்கியது. வரைபடம் பொய் சொல்லவில்லை. அதை அளந்த பொம்மைத் தலை கண்ணாடி போடுவதில்லை, அவ்வளவுதான்.

இந்த அத்தியாயம் அந்த இரவின் விரிவுரை. ‘அளவீடெல்லாம் ஏமாற்று, காதுதான் நீதிபதி’ என்பவர்களோடும் எனக்கு ஒப்பில்லை. ‘கோடு போதும், காது எதற்கு’ என்பவர்களோடும் ஒப்பில்லை. கோடு சொல்வது உண்மை, ஆனால் இன்னொரு காதைப் பற்றிய உண்மை. அதில் எந்தப் பகுதி உங்கள் காதுக்கும் செல்லும், எது செல்லாது என்று பிரிக்கத் தெரிந்துவிட்டால், உட்கார்ந்த இடத்திலேயே பாதி ஹெட்ஃபோன்களைக் கழித்துவிடலாம். மீதியை மாட்டிப் பார்த்துத்தான் ஆகவேண்டும்.

கோட்டைப் படிப்பது

படுக்கைவாட்டில் அதிர்வெண்: இடது ஓரம் 20 ஹெர்ட்ஸ், வலது ஓரம் 20,000. செங்குத்தாக ஒலியின் அளவு, டெசிபெல் கணக்கில். எல்லா அதிர்வெண்களையும் ஒரே அளவில் உள்ளே அனுப்பினால் ஹெட்ஃபோன் எதைக் கூட்டுகிறது, எதைக் குறைக்கிறது என்பதுதான் கோடு. படுக்கை அளவுகோல் சீரானதல்ல. 20க்கும் 40க்கும் நடுவே உள்ள அதே அகலம்தான் 10,000க்கும் 20,000க்கும் நடுவே இருக்கும். கீழ் ஸட்ஜத்திலிருந்து மேல் ஸட்ஜத்துக்குப் போனால் அதிர்வெண் இரட்டிக்கிறது. காதுக்கு ஒவ்வொரு இரட்டிப்பும் ஒரே தூரம். படமும் அந்தக் கணக்கிலேயே வரையப்படுகிறது.

எண்களைக் காதோடு கட்டிவைத்துக்கொள்வது நல்லது. 100க்குக் கீழே இருப்பது வயிற்றில் உணரும் அதிர்வு. ஆண்குரலின் அடிச்சுருதி பெரும்பாலும் 100 முதல் 200க்குள் அடங்கிவிடும், பெண்குரல் அதற்குச் சற்று மேலே. சொல் தெளிவாக விளங்குவது 2,000 முதல் 5,000 வரையுள்ள பகுதியால். பாடகர் ‘ஸ’ என்னும்போது எழும் சீறல் 5,000க்கும் 9,000க்கும் இடையில் உட்காரும். 10,000க்கு மேலே ஜால்ராவின் மினுமினுப்பு. டெசிபெல்லில், அகலமான பகுதி ஒன்று 3 டெசிபெல் ஏறினால் யார் காதுக்கும் தெரியும். ஒரு டெசிபெல் வித்தியாசம் மாற்றி மாற்றிக் கவனமாகக் கேட்பவருக்குப் பிடிபடும். 10 ஏறினால் ஏறத்தாழ இரு மடங்கு சத்தமாகத் தோன்றும்.

பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் ‘20 – 20,000 ஹெர்ட்ஸ்’ என்ற வரியை மறந்துவிடுங்கள். எத்தனை டெசிபெல் ஏற்ற இறக்கத்துக்குள் என்று சொல்லாதவரை அதற்குப் பொருளே கிடையாது. ஐந்நூறு ரூபாய் இயர்போனும் 20,000 ஹெர்ட்ஸில் ஏதோ முனகத்தான் செய்யும்.

நேர்கோடு ஏன் கூடாது

முதன்முதலில் வரைபடம் பார்ப்பவர் தேடுவது நேர்கோட்டை. ஆம்ப்ளிஃபயருக்கு நேர்கோடுதான் அழகு; திறந்தவெளியில் வைத்து அளந்த நல்ல ஸ்பீக்கருக்கும் அப்படியே. செவிப்பறை இருக்கும் இடத்தில் அளந்த ஹெட்ஃபோன் நேர்கோடாக இருந்தால் மட்டும், போர்வைக்குள்ளிருந்து பாடுவதுபோல் மந்தமாக ஒலிக்கும்.

காரணம் காதின் அமைப்பு. காதுத் துளை ஒரு பக்கம் திறந்து, மறுபக்கம் செவிப்பறையால் மூடிய குழாய். நீளம் சுமார் 25 மில்லிமீட்டர். பேனா மூடியை உதட்டில் வைத்து ஊதினால் விசில் வருமே, அதே இயற்பியல்தான் இங்கும். 25 மில்லிமீட்டர் மூடிய குழாய்க்குக் கணக்குப் போட்டால் 3,400 ஹெர்ட்ஸ் வரும். வாய்ப்பக்கத்து விரிவையும் சேர்த்தால் 3,000க்குப் பக்கத்தில் வந்து நிற்கும். மடலின் கிண்ணக் குழியும் சேர்ந்துகொள்ள, அந்தப் பகுதி ஒலி செவிப்பறைக்குப் போய்ச்சேர்வதற்குள் 10 முதல் 15 டெசிபெல் வரை, சிலருக்கு அதற்கு மேலும், பெருகிவிடுகிறது. பிறந்த நாள் முதல் நாம் கேட்ட எல்லாக் குரலும் இந்த மேட்டோடு வந்தவைதான், ஆகவே மூளைக்கு இந்த மேடே சமதளம். அம்மாவின் குரலில் 3,000 ஹெர்ட்ஸ் கூடுதலாக இருக்கிறது என்று எவரும் சொன்னதில்லை.

காதுக்குள் செருகும் இயர்போனில் சிக்கல் இன்னும் ஒரு படி கூட. அது துளையின் வாயை அடைத்துவிடுவதால் திறந்த குழாயே இல்லாமல் போகிறது. இயற்கையான மேடும் அதோடு போய்விடுகிறது. அதைச் செயற்கையாக இயர்போனே உண்டாக்கித் தரவேண்டும். எனவே வரைபடத்தில் 3,000 அருகே ஒரு குன்று தெரிந்தால் அது குறையல்ல. குன்று இல்லாவிட்டால்தான் கேள்வி கேட்கவேண்டும்.

பொம்மைக் காது

அளப்பதற்கு மனிதக் காதுக்குள் மைக் வைக்கலாம், வைக்கவும் செய்கிறார்கள். ஆனால் தினமும் ஆளைக் கூப்பிட்டுச் செய்கிற வேலையல்ல அது. 1972இல் காதுகேள் கருவி ஆய்வுக்காக அமெரிக்காவின் நோல்ஸ் நிறுவனம் கேமார் என்ற பொம்மைத் தலையை உருவாக்கியது. 1981இல் சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் செயற்கைக் காதுக்கு 711 என்ற எண்ணில் தரநிலை ஒன்றை வகுத்தது. இன்று அதற்கு 60318-4 என்று பெயர், ஆனாலும் துறையில் இருப்பவர் வாயில் இன்னும் ‘711’தான். உள்ளே பார்த்தால் ஓர் உலோகக் குழல், பக்கவாட்டில் சில சிறு அறைகள், கடைசியில் ஒரு மைக். செவிப்பறையும் நடுக்காதும் ஒலிக்குக் காட்டும் எதிர்ப்பை அந்த அறைகள் போலச் செய்கின்றன. வெளியே சிலிகோன் மடல். டென்மார்க்கின் கிராஸ் நிறுவனம் இத்தகைய காதுகளைச் செய்கிறது. அதே நாட்டின் புரூயல் அண்ட் கேயர் பின்னால் கொண்டுவந்த 5128 என்ற தலையில், துளையின் வடிவமே பலரின் எம்.ஆர்.ஐ. ஸ்கேன்களிலிருந்து எடுத்த சராசரி.

முழு அமைப்பின் விலை லட்சங்களில். சில ஆயிரங்களில் கிடைக்கும் 711 நகல்களை வைத்துத்தான் ஆர்வலர்கள் பெரும்பாலும் அளக்கிறார்கள், அதில் குற்றமில்லை. குற்றம் எங்கே என்றால், ஒரு காதில் அளந்த கோட்டையும் வேறொரு காதில் அளந்த கோட்டையும் பக்கத்தில் வைத்து ‘இது பிரகாசம், அது மந்தம்’ என்று தீர்ப்புச் சொல்வதில். ஒரே இயர்போனை 711இலும் 5128இலும் அளந்தால் ட்ரெபிள் மட்டுமல்ல, அடிப் பேஸ்கூட வேறுபடும். ஒப்பிடுவதாக இருந்தால் ஒரே கருவியில், முடிந்தால் ஒரே ஆள் அளந்தவற்றை மட்டும் ஒப்பிடுங்கள். இந்த அத்தியாயத்திலிருந்து ஒரே ஒரு விதியை எடுத்துக்கொள்வீர்களானால் அது இதுவாக இருக்கட்டும்.

இலக்குக் கோடு யாருடையது

நேர்கோடு கூடாதென்றால் எந்தக் கோடு வேண்டும்? முன்பு, எதிரொலியில்லாத அறையில் நேர் எதிரே ஸ்பீக்கர் வைத்தால் செவிப்பறையில் என்ன கிடைக்குமோ அதையே ஹெட்ஃபோனும் தரவேண்டும் என்றார்கள். பிறகு, எல்லாத் திசையிலிருந்தும் சமமாக ஒலி வரும் அறையே சரியான அளவுகோல் என்ற கருத்து 1980களில் ஜெர்மனியின் குந்தர் டைலே போன்றவர்களின் வாதத்தால் வலுத்தது. இரண்டின்படியும் செய்த ஹெட்ஃபோன்கள் பலருக்கு மெலிந்து, கொஞ்சம் கூர்மையாக ஒலித்தன. இயல்புதான். இசையை அப்படிப்பட்ட அறைகளில் எவரும் கேட்பதில்லை.

2012 வாக்கில் அமெரிக்காவில் ஹார்மன் நிறுவனத்தின் ஷான் ஆலிவ், டாட் வெல்டி ஆகியோர் வேறு வழியில் இறங்கினார்கள். சாதாரண வீட்டு அறை போன்ற கேட்பறையில் நல்ல ஸ்பீக்கர்களை வைத்து, பொம்மைக் காதில் என்ன விழுகிறது என்று அளந்தார்கள். அதை அடிப்படையாக வைத்து ஹெட்ஃபோனைத் திருத்தி, கேட்பவர் கையில் பேஸையும் ட்ரெபிளையும் கூட்டிக் குறைக்கும் குமிழைக் கொடுத்து ‘உங்களுக்குப் பிடித்த இடத்தில் நிறுத்துங்கள்’ என்றார்கள். பல நாட்டு ஆட்கள், பல வயதினர். இப்படிப் பிறந்ததுதான் இன்று எல்லா வரைபடத்திலும் சாம்பல் நிறத்தில் ஓடும் ஹார்மன் கோடு. கீழே பேஸ் கொஞ்சம் தூக்கல், 3,000இல் குன்று, அதற்கப்பால் மெதுவான சரிவு.

இதைச் சட்டமாக எடுத்துக்கொள்பவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். அந்த ஆய்வாளர்களே கேட்பவர்களை வகை பிரித்துப் பார்த்தபோது, ஏறத்தாழ மூன்றில் இரண்டு பேருக்குத்தான் அந்தக் கோடு அப்படியே பிடித்திருந்தது. ஒரு கூட்டத்துக்கு இன்னும் பேஸ் வேண்டும், இன்னொரு கூட்டத்துக்குப் பேஸைக் குறைக்கவேண்டும். இளையவர்கள் பேஸ் பக்கம் சாய்ந்தார்கள். குறைத்துக் கேட்டவர்களில் பெண்களும் வயதானவர்களும் கூடுதல். ஆகவே ஹார்மன் கோடு ஒரு நல்ல தொடக்கப்புள்ளி. சாம்பாருக்கு உப்பு எவ்வளவு என்று சமையல் புத்தகம் சொல்வதுபோல. போட்டுவிட்டு நாக்கில் வைத்துப் பார்க்கத்தான் வேண்டும். ஜேபிஎல், ஏகேஜி ஆகியவை ஹார்மன் குடும்பத்துப் பெயர்கள் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளலாம். அதனால் ஆய்வு செல்லாது என்று சொல்லவில்லை. என் அனுபவத்தில் இதைவிட நேர்மையான தொடக்கப்புள்ளி வேறில்லை.

எந்தப் பகுதியை எவ்வளவு நம்புவது

அடியிலிருந்து தொடங்குவோம். 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே கோடு சொல்வது, காற்று கசியாமல் மாட்டியிருந்தால் கிடைக்கும் பேஸ். பொம்மைத் தலைக்கு முடியில்லை, கண்ணாடியில்லை, தாடை எலும்பு துருத்துவதில்லை. உங்கள் தலையில் மெத்தைக்கும் தோலுக்கும் நடுவே கண்ணாடிக் கால் நுழைந்தால், அடிப் பேஸ் 10 டெசிபெல்கூட விழலாம். இயர்போனில் இதே வேலையைப் பொருந்தாத ரப்பர் முனை செய்யும். ‘இந்த இயர்போனில் பேஸே இல்லை’ என்று சொல்பவரிடம் நான் முதலில் கேட்பது முனையின் அளவைத்தான். இரைச்சல் நீக்கும் புளூடூத் ஹெட்ஃபோன்களில் பல விதிவிலக்கு. உள்ளே இருக்கும் மைக் கசிவை உணர்ந்து பேஸை ஓரளவு ஈடுகட்டிவிடும். அவற்றின் கோட்டைக் கண்ணாடிக்காரர்களும் கொஞ்சம் தைரியமாக நம்பலாம்.

200 முதல் 2,000 வரை கோட்டின் பொற்காலம். அலைநீளம் பெரிதாக இருப்பதால் மடலின் வடிவம், துளையின் வளைவு எதுவும் இங்கே பெரிதாகத் தலையிடாது. பொம்மை கேட்டதும் நீங்கள் கேட்பதும் ஏறத்தாழ ஒன்றுதான். இங்கே 250 அருகே 5 டெசிபெல் மேடு இருந்தால் ஆண்குரல் பானைக்குள்ளிருந்து வரும். அதற்கு மேல் வாதமே வேண்டாம். 1,500 அருகே பள்ளம் இருந்தால் பாடகர் இரண்டடி தள்ளிப் போய்விடுவார். வயலினில் வில்லின் உடம்பு குறைந்து நரம்பின் கூர்மை மட்டும் மிஞ்சும். குரலும் வீணையும் கேட்பவர் ஹெட்ஃபோன் தேடும்போது நான் இந்தப் பகுதியைத்தான் முதலில் பார்க்கச் சொல்வேன், பலரும் முதலில் பார்க்கும் பேஸை அல்ல.

3,000 முதல் 5,000 வரை ஆளுக்கு ஆள் சில டெசிபெல் மாறும், ஏனெனில் எல்லோருடைய குழாயும் 25 மில்லிமீட்டர் இல்லை. கோடு இலக்கிலிருந்து 2 டெசிபெல் தள்ளியிருந்தால் பொருட்படுத்தாதீர்கள். 6 தள்ளியிருந்தால் பொருட்படுத்துங்கள்.

அதற்கு மேலேதான் காடு. இயர்போனைச் செருகியதும் அதன் முனைக்கும் செவிப்பறைக்கும் நடுவே இருபுறமும் மூடிய ஒரு சிறு குழாய் உருவாகிறது. அது தன் நீளத்துக்கேற்ற சுருதியில் ஒத்ததிரும். நடுவே 21 மில்லிமீட்டர் இருந்தால் 8,000 ஹெர்ட்ஸுக்குச் சற்று மேலே. 711 காதில் அளக்கும்போது பலர் வேண்டுமென்றே அந்த ஆழத்தில்தான் நிறுத்துகிறார்கள், ஒவ்வொரு படத்திலும் சிகரம் ஒரே இடத்தில் விழட்டும் என்று. அதனால்தான் எந்த நிறுவனத்து இயர்போன் வரைபடத்தைப் பார்த்தாலும் 8,000இல் ஒரு ஊசிமுனை நிற்கிறது. உங்கள் காதில் 25 மில்லிமீட்டர் விட்டுச் செருகினால் அந்த ஊசி 6,900க்கு இறங்கிச் சீறல் மேல் உட்காரும். 15 மில்லிமீட்டர் விட்டு ஆழமாகச் செருகினால் 11,400க்கு ஏறி, அநேகமாக உங்களைத் தொந்தரவு செய்யாது. ஒரே இயர்போனை ஒருவர் ‘காதைக் கிழிக்கிறது’ என்பதும் இன்னொருவர் ‘வெண்ணெய்’ என்பதும் இப்படித்தான் நடக்கிறது. இருவரில் ஒருவர் செவிடு என்று முடிவு கட்டவேண்டியதில்லை.

காதைச் சுற்றி உட்காரும் ஹெட்ஃபோனில் இதே குழப்பத்தை மடல் உண்டாக்குகிறது. 7,000க்கு மேல் அலைநீளம் ஐந்து சென்டிமீட்டருக்குக் கீழே வந்துவிடுகிறது. மடலின் மடிப்பு ஒவ்வொன்றும் ஒலியைத் திருப்பிவிடும். ஹெட்ஃபோனை அரை அங்குலம் முன்னே தள்ளி மாட்டினாலே கோடு மாறும். கவனமாக அளப்பவர்கள் கழற்றி மாட்டிக் கழற்றி மாட்டிப் பலமுறை அளந்து சராசரி எடுப்பது இதற்காகத்தான். செயற்கைக் காதின் தரநிலையும் 10,000 ஹெர்ட்ஸுக்கு மேல் மனிதக் காதை அப்படியே போலச் செய்வதாகக் கூறிக்கொள்வதில்லை. போதாததற்கு வயது வேறு. எனக்கு 13,000க்கு மேல் எதுவும் கேட்பதில்லை. வரைபடத்தின் வலது ஓரத்தைப் பற்றி நான் கவலைப்படுவது, பக்கத்து ஊர்த் திருமணத்துக்கு மெனு யோசிப்பதுபோல.

படம் வரைபவரின் கைவரிசை

செங்குத்து அளவுகோல் முழுவதும் 50 டெசிபெல்லுக்குள் அடங்கினால் கோடு மலைத்தொடர். அதே தரவை 150 டெசிபெல் அளவுகோலில் போட்டால் தஞ்சாவூர் வயல். தரவு மாறவில்லை. அதேபோல ‘ஸ்மூத்திங்’ என்று ஒன்று உண்டு: பக்கத்துப் பக்கத்து அளவுகளைச் சராசரியாக்கிக் கோட்டை மழமழப்பாக்குவது. ஒரு ஸ்தாயியில் மூன்றில் ஒரு பங்குக்குச் சராசரி எடுத்தால் ஊசிகள் எல்லாம் மறைந்துவிடும். 48இல் ஒரு பங்குக்கு எடுத்தால் ஒவ்வொரு மயிரிழையும் தெரியும். விளம்பரத்தில் வரும் கோடு ஏன் அவ்வளவு வழவழப்பு என்று இப்போது புரிந்திருக்கும்.

இன்னொன்று: படம் ‘பச்சை’யாக அளந்ததா, இலக்குக் கோட்டைக் கழித்து வரைந்ததா என்று பாருங்கள். கழித்து வரைந்ததில் நேர்கோடுதான் நல்லது. பச்சைக் கோட்டில் நேர்கோடு மோசம். இதைப் பார்க்காமல் தலைகீழாகப் புரிந்துகொண்டு வாங்கியவர்களை எனக்குத் தெரியும்.

ஊசிகளைப் பற்றி ஓர் ஆறுதல். 1988இல் ஃபிளாய்ட் டூல், ஷான் ஆலிவ் இருவரும் வெளியிட்ட ஆய்வில், அகலமான மேடு சிறியதாக இருந்தாலும் காது அதைக் கண்டுபிடித்துவிடுகிறது, ஒடுங்கிய உயரமான ஊசியைப் பல நேரம் விட்டுவிடுகிறது என்று காட்டினார்கள். கண்ணுக்கு இது நேர்மாறு. படத்தில் ஊசிதான் பயமுறுத்தும். 300 முதல் 1,000 வரை பரந்து கிடக்கும் 2 டெசிபெல் மேட்டைக் கண் தாண்டிப் போய்விடும். குறுகிய பள்ளமோ காதுக்கு இன்னும் சாதாரணம்.

கோடும் காதும் கைகோக்கும் இடம்

எல்லாமே சந்தேகத்துக்குரியது என்ற எண்ணம் வந்துவிடக் கூடாது. 2009இல் வந்த சென்ஹைசர் ஹெச்டி 800ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அகன்ற மேடையில் கச்சேரி கேட்பதுபோன்ற விரிவுக்காகப் பேர்வாங்கிய ஹெட்ஃபோன். கூடவே ஒரு புகாரும் தொடர்ந்தது: சில பதிவுகளில் உச்சி கூசுகிறது. அளந்தவர் ஒவ்வொருவர் படத்திலும் 6,000 ஹெர்ட்ஸ் அருகே ஒரு மேடு தெரிந்தது. கேட்டவர்களும் அங்கேதான் விரல் வைத்தார்கள். ஆர்வலர்கள் உள்ளே உறிஞ்சும் பொருளை ஒட்டி அந்த மேட்டைத் தணித்தார்கள். பின்னால் நிறுவனமே ஒலி உறிஞ்சியைப் பொருத்தி ஹெச்டி 800 எஸ் என்று வெளியிட்டது. பல கருவியில், பல தலையில், ஒரே இடத்தில் வரும் மேடு ஹெட்ஃபோனுடையது. ஒரு கருவியில் மட்டும் வருவது பெரும்பாலும் அந்தக் கருவியுடையது.

விலைக்கும் கோட்டுக்கும் உறவு உண்டா என்று 2017இல் யெரூன் பிரேபார்ட் 283 ஹெட்ஃபோன்களின் அளவீடுகளை வைத்துப் பார்த்தார். உறவு எதுவும் கிடைக்கவில்லை. விலைக்கு உலோகம் கிடைக்கும், தோல் உறை கிடைக்கும், பெட்டி கிடைக்கும். சரியான கோடு கிடைக்கும் என்ற உத்தரவாதம் மட்டும் கிடையாது. கண்ணை மூடிக் கேட்கும் சோதனையின் அருமை இங்கேதான். ஹார்மன் ஆய்வாளர்கள் ஒரே ஹெட்ஃபோனைக் கணினியால் மாற்றி மாற்றி, வேறு வேறு ஹெட்ஃபோன்களைப் போல ஒலிக்கச் செய்து கேட்கவைத்தார்கள். எடை, மெத்தையின் பதம், முத்திரை எல்லாம் மறைந்துபோனதால் மிஞ்சியது ஒலி மட்டும். அப்படிக் கேட்டவர்கள் இட்ட மதிப்பெண்களை, வளைகோட்டிலிருந்தே பெரும்பாலும் கணித்துவிட முடிந்தது.

கோட்டுக்கு வெளியே

சத்தத்தைக் குறைத்தால் காதின் கோடே மாறிவிடும். ஃபிளெட்சரும் மன்சனும் 1933இல் காட்டியது இது. 1,000 ஹெர்ட்ஸில் 40 டெசிபெல் ஒலிக்குச் சமமாகத் தோன்ற, 100 ஹெர்ட்ஸ் ஒலிக்கு 60க்கும் மேல் தேவை. மெதுவாகக் கேட்பவருக்குப் பேஸ் தூக்கலான ஹெட்ஃபோன் இயல்பாகத் தோன்றும். அதே ஹெட்ஃபோன் சத்தமாக வைத்தால் குமுறும். மாநகரப் பேருந்தில் கேட்பவருக்கு எஞ்சின் உறுமல் அடிப் பேஸை விழுங்கிவிடுகிறது, அதனால் அவர் பேஸ் கேட்பதில் தவறில்லை. அவருடைய ரசனையைக் குறைசொல்லும் முன் அவருடைய வழித்தடத்தைப் பாருங்கள்.

கம்பி இயர்போன் வைத்திருப்பவர்கள் கவனிக்க இன்னொன்று. ஆர்மேச்சர் வகை இயர்போன்களில் மின் எதிர்ப்பு அதிர்வெண்ணுக்கு அதிர்வெண் மாறும். ஓரிடத்தில் 8 ஓம், வேறோரிடத்தில் 40 ஓம் என்று வைத்துக்கொள்வோம். போனின் வெளியீட்டு எதிர்ப்பு 10 ஓம் என்றால் முதல் இடத்தில் 7 டெசிபெல் விழும், இரண்டாவதில் 2தான் விழும். பார்த்த கோட்டுக்கும் கேட்கும் கோட்டுக்கும் நடுவே 5 டெசிபெல் வித்தியாசத்தை உங்கள் போன் போட்டுவிட்டது. வெளியீட்டு எதிர்ப்பு ஒரு ஓமுக்குக் கீழே உள்ள, போனில் செருகும் சிறு டாங்கிள் இதைச் சரிசெய்துவிடும்.

வீட்டில் செய்துபார்க்க

முதல் சோதனைக்கு இணையத்தில் கிடைக்கும் டோன் ஜெனரேட்டர் செயலி போதும். 40 ஹெர்ட்ஸ் வையுங்கள், சத்தம் மிதமாக. இரு கையாலும் மெத்தையை இலேசாக அழுத்துங்கள். பேஸ் சட்டென்று ஏறினால் கசிவு இருக்கிறது. நீங்கள் பார்த்த கோட்டின் இடது பகுதி இன்னும் உங்களுடையதல்ல.

அடுத்து, சத்தத்தை நன்றாகக் குறைத்துவிட்டு 3,000லிருந்து 12,000 வரை மெதுவாக நகர்த்துங்கள். எங்காவது ஒலி திடீரென்று காதில் குத்தினால் அந்த எண்ணை எழுதிக்கொள்ளுங்கள். இயர்போனை ஒரு மில்லிமீட்டர் உள்ளே தள்ளி மறுபடி நகர்த்துங்கள். குத்தும் இடம் நகர்ந்தால் அது குழாயின் ஒத்ததிர்வு. வேறு முனை, வேறு ஆழம் என்று தீர்வு தேடலாம். நகரவில்லை என்றால் ஹெட்ஃபோனின் மேடு. அதை ஈக்வலைசரில் 2, 3 டெசிபெல் இறக்கி, பிடித்த பாட்டைப் போட்டுப் பாருங்கள். மேட்டை இறக்குங்கள், பள்ளத்தை நிரப்பப் பார்க்காதீர்கள். இந்தச் சோதனையில் 3,000 அருகே ஒலி கூடுவதும் 8,000, 9,000 பக்கம் தணிவதும் ஓரளவு காதின் இயல்பு; எல்லாவற்றையும் சமன்செய்யக் கிளம்பினால் பாட்டு செத்துவிடும்.

இணையத்தில் ஒவ்வொரு மாடலுக்கும் ஆயத்த ஈக்வலைசர் எண்கள் கிடைக்கின்றன. 5,000 ஹெர்ட்ஸ் வரை அவற்றை அப்படியே போடலாம். அதற்கு மேல் உள்ள ஒடுங்கிய திருத்தங்களை நான் அழித்துவிடுவேன். அவை பொம்மையின் காதுக்கு எழுதிய மருந்துச்சீட்டு.

இரண்டு ஹெட்ஃபோனை ஒப்பிட்டால் சத்தத்தைச் சமமாக்காமல் ஒப்பிடாதீர்கள். கொஞ்சம் கூடுதலாக ஒலிப்பதே எப்போதும் நன்றாக ஒலிப்பதாகத் தோன்றும். கடைக்காரர்களுக்கு இது நன்றாகவே தெரியும்.

மெத்தை தேய்ந்தால் கோடும் தேயும். நம் ஊர் வியர்வைக்குச் செயற்கைத் தோல் மெத்தை இரண்டு கோடையில் உரிந்துவிடும். தட்டையான மெத்தையில் காதுக்கும் ஒலிபெருக்கிக்கும் இடைவெளி குறைந்து, கசிவு கூடி, நீங்கள் பார்த்து வாங்கிய கோடு வேறொன்றாகிவிடும். மாற்று மெத்தை வாங்கும்போது அதே மாடலுக்கானதை வாங்குங்கள். தடிமனான மெத்தை சொகுசாக இருக்கும், ஒலி வேறாக இருக்கும்.

கடைசியில் நான் அந்த ஹெட்ஃபோனை விற்கவில்லை. தடித்த பிளாஸ்டிக் பிரேமை மாற்றக் கண்ணாடிக் கடைக்குப் போனேன். மெல்லிய கம்பிப் பிரேம்களை எடுத்து, ஒவ்வொன்றின் காலையும் விரலால் அழுத்தி, காதோரம் வைத்து, தடிமனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முகத்துக்கு எது எடுப்பாக இருக்கிறது என்று கேட்பேன் என்று, கண்ணாடியைப் பிடித்தபடி எதிரே காத்திருந்தார் கடைக்காரர்.